பதினொரு நீலக் கோடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் அருளால் நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே மூன்று பேரும் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். இந்தத் தடவை அந்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், கடைசியில் எழுதுகிறேன். கூட்டிப் பார்க்காமல் மொத்தம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். நீயும் உன் வழக்கப்படி கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ போனில் பூனையைக் காட்டு என்று கேட்டபோது மேனேஜர் தூங்குகிறான் என்றேன். அவன் அப்போது வீட்டிலேயே இல்லை. ஆஸ்பத்திரியில், காலில் ஊசியும், சொல்லக் கூச்சமான இடத்தில் குழாயுமாகப் படுத்திருந்தான். அடுத்த ஞாயிறு நான் தூங்குகிறான் என்று சொன்னது நிஜம், ஆனால் நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்று மாட்டியிருந்தது, அதைப் பார்த்தால் நீ கேள்வி கேட்பாய் என்று காட்டவில்லை. பொய் சொன்ன அன்றைக்கே பிரார்த்தனையில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன், ஆனால் அங்கே கேட்டது போதாது, உன்னிடமும் கேட்க வேண்டும் என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. நீ விமானம் ஏறுகிற அன்று அவனை என் மடியில் வைத்துவிட்டு, அம்மா பாத்துக்கோ என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என்ன பார்க்கிறேன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். போன மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை நான் விளக்கேற்றிப் பாட ஆரம்பித்ததும் மேனேஜர் தானாக வந்து பிரார்த்தனை அலமாரிக்குக் கீழே குளிர்ந்த வெறும் தரையில் உட்கார்ந்தான். நான் கூப்பிடவே இல்லை. உடம்பைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி, அசையாமல் கால் மணி நேரம். நான் பாட்டை இழுத்தால் அவனும் அடித்தொண்டையில் ஒரு மாதிரி இழுத்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடுப்பகலிலும் வந்து உட்கார்ந்தான், நான் பாடாத நேரத்திலும். வியாழக்கிழமை காலை தட்டில் வைத்த சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போனான், நான் விரதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆமாம், சிரி. நானும் இப்போது சிரிக்கிறேன், அன்றைக்கு மாடி வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே நின்று, அக்கா இது போன பிறவிப் புண்ணியம், நம்ம வீட்டு மனுஷங்களுக்கு இல்லாத பக்தி பாருங்க என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு உன் அப்பா மேல் எரிச்சல் வந்தது. ஏனென்றால் அவர் ஒரு வருஷமாக என் சாயங்காலப் பிரார்த்தனையில் முழுசாக உட்கார்ந்ததே இல்லை. இரண்டாவது பாட்டுக்குள் எழுந்து பாத்ரூம் போவார், வருவார், நாலாவது பாட்டில் மறுபடி எழுந்துவிடுவார். அன்று சாயங்காலம் அவர் எழுந்தபோது விடவில்லை, ஒரு வாயில்லாப் பிராணி ரெண்டு நாளா அசையாம உக்காந்திருக்கு, உங்களுக்கு பத்து நிமிஷம் கடவுளுக்குக் கொடுக்க முடியல என்று நன்றாகவே கேட்டுவிட்டேன். அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை தரையில் இரண்டு மூன்று சொட்டு ஈரம், லேசாக இளஞ்சிவப்பாக. நான் குங்குமத் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று துடைக்கப் போனேன். அப்பா துணியைப் பிடுங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் மேனேஜரை ஒருநாளும் தொட்டுத் தூக்கினவர் இல்லை, உனக்கே தெரியும், அது இது என்றுதான் பேசுவார், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சுறதுக்கு நடுவுல எனக்கு என்ன வேலை என்பார். அன்று முழங்காலில் உட்கார்ந்து அவன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துப் பார்த்தார். மேனேஜர் கத்தின கத்தலில் மாடியில் தையல் மெஷின் நின்றுவிட்டது. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, இது பக்தி இல்ல, அடைப்பு, உள்ள எலுமிச்சம்பழம் மாதிரி கல்லா இருக்கு, பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கு, வெளிய வழியில்ல என்றார். முப்பத்தோரு வருஷம் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடினவர், மனுஷனுக்குக் காய்ச்சல் என்றால்கூடக் குழாய் பாஷையில்தான் சொல்வார். அந்த நேரத்தில் அந்த பாஷைதான் சரியாக இருந்தது.

பூனைக் கூடை எங்கே என்று தேடினேன், நான்தான் அதில் பழைய கணக்கு நோட்டுகளை அடுக்கிப் பரணில் ஏற்றியிருந்தேன். அப்பா தன் பழைய கான்வாஸ் வேலைப் பையைக் கொட்டினார், ஸ்பானரும் வால்வுச் சாவியும் கூடமெல்லாம் உருண்டன, துண்டை விரித்து மேனேஜரை அதில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய மார்போடு பிடித்துக்கொண்டு செருப்பை மாற்றிப் போட்டபடி இறங்கினார். டாக்சிக்காரர் பையைப் பார்த்து என்ன சார் ரிப்பேர் வேலையா என்று கேட்டதற்கு, ஆமா, அவசரம், மேனேஜருக்கு ஒன்றுக்குப் போகல என்றார் அப்பா. அந்த ஆள் கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டியை நன்றாக விரட்டினார், அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

டாக்டரம்மா சின்ன வயசுதான், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தொட்ட உடனே உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு எங்களுக்கு விளக்கினாள். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப மெல்லிசாம், உப்பு மணல் மாதிரி சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளுமாம், அடைத்தால் கழிவெல்லாம் ரத்தத்திலேயே தங்கி, சிறுநீரகம் கெட்டு, நெஞ்சுத் துடிப்பே நின்றுபோகுமாம். எவ்வளவு நாளா இப்படி உக்காந்திருக்கான் என்று கேட்டாள். புதன் காலையிலிருந்து என்றேன். பார்த்தும் ஏன் வரல என்று கேட்டாள். சாமி கும்பிடறான்னு நினைச்சேம்மா என்றேன். அவள் சிரித்திருந்தால் தேவலை. என் கையைப் பிடித்து, நிறையப் பேர் மலச்சிக்கல்னு நினைச்சு விட்டுடுவாங்க, இதுதான் முதல் தடவை இப்படிக் கேக்கறேன், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எங்கிட்டக் கொண்டு வந்து பயன் இருந்திருக்காது, இப்பவும் உறுதி சொல்ல முடியாது, முயற்சி பண்றேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன், ஆனால் வேண்டுதல் ஒழுங்காக வரவில்லை, கடவுளே என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை அம்மா பாத்துக்கோ என்றுதான் வந்தது, உன் குரலில்.

குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். நாலு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அப்பா காலையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். மூத்திரப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கு, என்ன நிறம் என்று வந்து சொல்வார், முன்பு அணைக்கட்டு மட்டம் சொல்கிற மாதிரியே. திங்கட்கிழமை அவர் சாப்பாட்டில் கை வைக்கும்போதே, அவன் இன்னிக்கு என் விரலை நக்கினான் என்றார். அவன் என்றார். நான் கவனிக்காத மாதிரி குழம்பு ஊற்றினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது: காய்ந்த தீனி கூடாது, ஈரச் சாப்பாடு, அறைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், பயமோ கவலையோ கூடாது, வீட்டில் ஒரு நாற்காலி இடம் மாறினால்கூட சில பூனைக்கு இது வருமாம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜன்னலோரம் கிடந்த உன் படிப்பு நாற்காலியை நான்தான் போன மாதம் தையல்காரிக்கு உட்கார்ந்து தைக்கக் கொடுத்தேன். அன்றைக்கே அப்பா மாடிக்குப் போய், அவள் உட்கார்ந்திருக்கும்போதே, எழுந்திரும்மா இது ஆஸ்பத்திரி உத்தரவு என்று வாங்கி வந்துவிட்டார். அவளுக்கு வேறு முக்காலி கொடுத்தேன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பக்தன் என்று நான்தான் ஏமாற்றினேன் என்று வேறு அவளுக்கு வருத்தம். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மறுபடி அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான் என்று எண்ணி எழுதி வையுங்கள், அடிக்கடி போவது, கொஞ்சமாகப் போவது, முக்குவது, போய்விட்டு வந்த கையோடு மறுபடி போவது, இதில் எது கண்டாலும் உடனே வாருங்கள் என்றாள். அப்பா அவளை விடவில்லை. கேள்வி மேல் கேள்வி. வயசானா வருமா, முழுசாப் போன திருப்தியே இல்லாம இருக்குமா, நின்னுக்கிட்டே இருந்தாலும் வர நேரமாகுமா என்று கேட்டார். நின்னுக்கிட்டா, பூனை உக்காந்துதானே சார் போகும் என்றாள் அவள். அப்பா ஆமாமா, பொதுவாக் கேட்டேன் என்றார். நான் இதையெல்லாம் பூனைமேல் வந்த திடீர் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த மாதம் நான் எதைத்தான் சரியாக எடுத்துக்கொண்டேன்?

எண்ணி எழுது என்று என்னிடம் சொன்னால் கேட்க வேண்டுமா. கேஸ் சிலிண்டர் எந்தத் தேதி மாட்டினோம், உப்பு எத்தனை நாள் வந்தது, எந்தப் பாட்டை எத்தனை தடவை பாடினேன் என்பதெல்லாம் எழுதி வைக்கிறவள் நான். புது நோட்டு எடுத்து, மேலே கடவுள் துணை என்று எழுதி, அதற்குக் கீழே மேனேஜர் என்று தலைப்புப் போட்டு, தேதி வாரியாகக் கட்டம் கிழித்து, அவன் ஒன்றுக்குப் போகிற மண் தட்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். பென்சிலையும் நூலில் கட்டினேன். அவன் போனால் ஒரு கோடு. மண் உருண்டையாகக் கட்டியிருப்பதை எண்ணி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டிச் சரிபார்ப்பேன். முதல் நாள் ஆறு, அடுத்த நாள் ஐந்து, பிறகு நாலு. டாக்டரம்மா நாலு சரி என்றாள். நீ இல்லாத நேரத்துல நானும் போடறேனே என்று அப்பா கேட்டார், வீட்டுக் கணக்கில் அவர் கை வைக்கிற ஆள் இல்லை, சந்தோஷமாகப் போடுங்கள் என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை உறவில் ஒரு கல்யாணத்துக்குக் காலையில் போய் மறுநாள்தான் திரும்பினேன். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைப் பார்த்தேன். நேற்றைய கட்டத்தில் நாலு பென்சில் கோடு, அதற்குப் பக்கத்தில் நீல மையில் பதினொரு கோடு. கூட்டினால் பதினைந்து. கூட்டினேன், மறுபடி கூட்டினேன், அடியிலிருந்து மேலாகவும் கூட்டினேன். பதினைந்துதான். அப்பா கடைக்குப் போயிருந்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அம்மா பதினஞ்சு என்றேன். உடனே தூக்கிட்டு வாங்க என்றாள். நாற்காலியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தவனைப் புனலோடு சேர்த்து அள்ளி, பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த கூடையில் போட்டேன், வாசலில் அப்பா எதிரே வந்தார், ஏறுங்க, பதினஞ்சு தடவை போயிருக்கான், ஒரு வார்த்தை எனக்குச் சொல்லணும்னு தோணலையா என்று கத்திக்கொண்டே டாக்சியில் தள்ளினேன். வழியெல்லாம் அவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். நான் பேச விட்டால்தானே.

ஆஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். கிளிக் கூண்டோடு ஒரு பெரியவர், கன்றுக்குட்டி அளவு நாயோடு ஒரு அம்மாள். டாக்டரம்மா உள்ளே கூப்பிடக்கூட நேரம் எடுக்காமல் அங்கேயே கவுன்டரில் வைத்து அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மெத்துனு இருக்கே, வலியே இல்லையே என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தாள். பதினஞ்சு தடவை போயிருந்தா மண்ணுல எத்தனை உருண்டை என்று கேட்டாள். கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன், நாலும்மா என்றேன். அப்போ மீதி பதினொண்ணு எங்கே என்றாள். நான் திரும்பினேன். அப்பா சுவரில் ஒட்டியிருந்த நாய்க்குத் தடுப்பூசி போடும் அட்டவணையை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். ஏங்க என்றேன். அவர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பதினொண்ணு என்னோடது என்றார்.

கிளிப் பெரியவர் கூண்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, சார், எங்கிட்ட வர்றவங்களுக்கு வால் இருக்கணும் சார் என்றாள். கன்றுக்குட்டி நாயின் சொந்தக்காரி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கினதும் டாக்டரம்மா அவரைத் தனியாக உட்கார வைத்து, எவ்வளவு நாளா சார் என்று கேட்டாள். ஒரு வருஷம் ஆகுது என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நீங்க பூனைக்குச் சொன்னது ஒவ்வொண்ணும் எனக்குப் பொருந்திச்சும்மா, அதான் எண்ணிப் பாக்கலாம்னு, அவன் ஆறுலேர்ந்து நாலுக்கு வந்துட்டான், நான் பதினொண்ணுல நிக்கறேன் என்றார்.

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் கணக்கு புரிந்தது, கண்ணே. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே தொந்தரவு. உட்கார்ந்தவனைப் பக்தன் என்றேன், எழுந்து போனவரைக் கடவுள் நினைப்பு இல்லாதவர் என்றேன். இரண்டும் தப்பு. ஊரில் எங்கே தண்ணீர் பிரஷர் குறைந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடின மனுஷன், தனக்குக் குறைந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, என்கிட்டச் சொல்றதுக்கு என்ன என்று கேட்டேன். இதையெல்லாம் எப்படிச் சொல்றது என்றார். வேறு நோட்டு கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, பென்சில் அங்க இல்ல, அதான் பேனால போட்டேன் என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது. நான் தினமும் கூட்டிப் பார்க்கிற நோட்டு அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவரை வால் இல்லாதவர்களுக்கான டாக்டரிடம் கூட்டிப் போனேன். எத்தனை தடவை போறீங்க என்று அவர் கேட்டதும் அப்பா பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, இருபத்தஞ்சு வருஷத்துல இப்படித் தெளிவா எழுதிக் கொண்டு வந்த ஆளே கிடையாது, எல்லாரும் அதிகமாப் போறேன்னு சொல்வாங்க, கேட்டா விட்டத்தைப் பாப்பாங்க என்றார். பிறகு, இந்தப் பென்சில் கோடு யாரு என்றார். மேனேஜர் என்றார் அப்பா. ரிட்டையர் ஆகியுமா என்று டாக்டர் கேட்டார், நான் நடுவில் புகுந்து விளக்க வேண்டியதாயிற்று. ஆண்களுக்கு வயதானால் உள்ளே ஒரு சுரப்பி பெருத்துக் குழாயை அமுக்குமாம். ரத்தம் எடுத்து, படம் பிடித்துப் பார்த்தார்கள். முடிவு வருகிறவரை இரண்டு நாள் நான் பாடின பாட்டுக்குக் கணக்கு எழுதவில்லை, அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. கெட்டது எதுவும் இல்லை என்று புதன்கிழமை சொன்னார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று ஒரு குட்டு, அடுத்த மாதம் நோட்டோடு வரச் சொல்லி ஒரு உத்தரவு. நேற்று நீலக் கோடு எட்டு. பென்சில் கோடு நாலு. அப்பா மேனேஜரிடம், இரு, வந்துட்டே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலப் பிரார்த்தனையில் மூன்றாவது பாட்டுவரை உட்கார்ந்தார், எழுந்தபோது நான் பாட்டை நிறுத்தி வைத்து, அவர் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினேன். கடவுளுக்கு என்ன அவசரம். மேனேஜர் இப்போது பிரார்த்தனை அலமாரிப் பக்கமே வருவதில்லை, ஆரோக்கியமாக இருக்கிறான்.

இனி உன் விஷயம். வேலைக்குப் போய்க் கவுன்டரில் உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் எழ முடியாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று போன தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று நானும் சிரித்தேன். இன்று சிரிக்க மாட்டேன். வரிசையில் நிற்கிறவர்கள் ஐந்து நிமிஷம் நிற்கட்டும், எழுந்து போ. தண்ணீர் குடி. எங்கேயாவது வலித்தாலோ எரிந்தாலோ சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம், வெறும் எண்ணிக்கையை எழுதி அனுப்பு, எனக்குப் புரிந்துவிடும். நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கிழித்து வைத்திருக்கிறேன், தலைப்பு இன்னும் எழுதவில்லை.

இப்போது விட்ட வரியை எழுதலாம். இங்கே மூன்று பேரும் நலம். கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கடவுள் உனக்கு நல்ல உடம்பும், நல்ல மனிதர்களும், பக்கத்திலேயே ஒரு பாத்ரூமும் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மேனேஜரைக் காட்டுகிறேன், புனல் கழற்றியாயிற்று. அப்பாவிடம் இதையெல்லாம் நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, பொதுவாக உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவர் நன்றாக இருக்கிறேன் என்பார், எண்ணிக்கை கேள்.

என்றும் உனக்காக வேண்டிக்கொள்ளும்
அம்மா

பின்குறிப்பு: அடுப்பில் பால் பொங்குகிறதே என்று கடிதத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் பக்க ஓரத்தில் நீல மையில் ஒரு கோடு. நோட்டை இன்று டாக்டரம்மாவுக்குக் காட்டப் பையில் எடுத்து வைத்திருந்தேன், கைக்குக் கிடைத்த காகிதத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். படித்தாரா இல்லையா தெரியவில்லை. அதை அழிக்க மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன். கணக்கில் நான் சேர்த்துக்கொண்டேன், நீ பத்திரமாக வைத்துக்கொள்.